அமெரிக்க ரெசிடென்சிக்குப் பரிந்துரைக் கடிதம்: ஹெச்.ஓ.டி.யிடமா, யூனிட் டாக்டரிடமா, அமெரிக்க மருத்துவரிடமா?

"மேடம், எல்.ஓ.ஆர். யார்கிட்ட கேக்கலாம்? ஹெச்.ஓ.டி. சார் கொடுத்தாதானே வெயிட்டு?"

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி இந்தக் கேள்வியும் எங்கள் வார்டு வாசலுக்கு வந்துவிடும். எல்.ஓ.ஆர். என்றால் பரிந்துரைக் கடிதம், ஹெச்.ஓ.டி. என்றால் துறைத் தலைவர். கடிதம் கேட்பது அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது அங்கே மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே பெறும் மேற்பயிற்சிக்கு. டெல்டாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில், பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கேட்பவர்கள் பயிற்சி மருத்துவர்களான ஹவுஸ் சர்ஜன்கள், அல்லது முடித்துவிட்டு ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள். தஞ்சாவூரில் படித்தவரோ, திருவாரூரில் படித்தவரோ, 2022-ல் திறந்த நாகப்பட்டினம் கல்லூரியில் படிப்பவரோ, கேள்வி மட்டும் ஒன்றுதான்.

பெரும்பாலானவர்கள் நீட் பி.ஜி. எழுதுகிறார்கள். அதற்கு ரேங்க் போதும். யாருடைய கடிதமும் வேண்டாம். அதனால் கடிதம் கேட்கிற பழக்கம் மாணவர்களுக்கு இல்லை, எழுதுகிற பழக்கம் ஆசிரியர்களுக்கும் அவ்வளவாக இல்லை. அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிற ஒருசிலர்தான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித் தவித்தவள். அந்த முறை எனக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. பிறகு இங்கேயே எம்.டி. முடித்தேன். அன்று யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயங்களை இன்று எழுதுகிறேன்.

முதலில் சொல் விஷயம் ஒன்று. "சிபாரிசுக் கடிதம்" என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது எம்.எல்.ஏ.வின் லெட்டர்பேடுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவனின் அப்பா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் அறை வாசலில் கால் மூட்டை புது அரிசியை இறக்கிவைத்துவிட்டு, "பையனுக்கு ஒரு லெட்டர் மட்டும் கொடுத்துருங்கம்மா" என்று கைகூப்பினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பியது இன்றும் எனக்கு வலிக்கிறது. அவர் செய்ததில் தவறு ஏதும் இல்லை. அவருக்குத் தெரிந்த சிபாரிசு அதுதான். ஆனால் ரெசிடென்சிக்குக் கேட்பது வேறு. அங்கே உட்கார்ந்து கடிதத்தைப் படிப்பவருக்கு ஒரே கேள்வி: நோயாளி பக்கத்தில் நின்று இந்த ஆள் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவர் என்ன சொல்கிறார்?

## எந்தெந்த அளவுகோலில் பார்ப்பது

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் எராஸ் என்ற இணையதளம் வழியாகப் போகிறது, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. நடத்துவது. எத்தனை கடிதம் வேண்டுமானாலும் வாங்கி அதில் சேர்த்துவைக்கலாம். ஒரு புரோகிராமுக்கு, அதாவது ஒரு மருத்துவமனை நடத்தும் ரெசிடென்சிப் பயிற்சிக்கு, அதிகபட்சம் 4 கடிதம் அனுப்பலாம். பெரும்பாலான இடங்களில் 3 கேட்கிறார்கள். கடிதத்தை நீங்கள் ஏற்ற முடியாது. எராஸிலிருந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வேண்டுகோள் படிவம் எடுத்து, அதில் உள்ள கடித எண்ணோடு எழுதுபவரிடம் கொடுக்க வேண்டும். அவர் தன் கணக்கில் நுழைந்து ஏற்றுவார்.

2022 ஜனவரி 26 முதல், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா தோல்வியா என்பது மட்டும்தான். அப்போது விண்ணப்பத்தில் மற்ற காகிதங்கள் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கும் அல்லவா? கடிதமும் அதில் ஒன்று.

இனி அளவுகோல்கள். அவர் உங்களை எவ்வளவு அருகில், எத்தனை நாள் பார்த்தார் என்பது முதலாவது. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து. அடுத்து, அவர் தன் கையால் எழுதுவாரா, சொன்ன தேதிக்குள் ஏற்றுவாரா. மூன்றாவது, நீங்கள் விண்ணப்பிக்கும் துறைக்காரரா. இன்டர்னல் மெடிசின் என்ற பொது மருத்துவத்துக்குப் போகிறவர் மூன்று கடிதத்தையும் சர்ஜரியில் வாங்கிப் பயனில்லை. நான்காவது, அங்கே படிப்பவருக்கு எழுதியவர் சொல்லை எடைபோட வழி இருக்கிறதா. கடைசியாகப் பணமும் காலமும்.

| யார் | உங்களைப் பார்த்த நெருக்கம் | தானே எழுதுவாரா | அங்கே மதிப்பு | செலவு |
|---|---|---|---|---|
| ஹெச்.ஓ.டி. | பெரும்பாலும் குறைவு | பல நேரம் 'நீயே எழுதிட்டு வா' | பதவிக்கு உண்டு, பொத்தாம்பொதுவாக இருந்தால் இல்லை | அலைச்சல் |
| யூனிட் உதவிப் பேராசிரியர் | மிக அதிகம் | கேட்கிற விதத்தில் கேட்டால் எழுதுவார் | உள்ளடக்கம் இருந்தால் நல்ல மதிப்பு | உங்கள் நேரம் |
| அமெரிக்க மருத்துவர் | சில வாரம் | எழுதிப் பழகியவர் | அதிகம் | லட்சங்களில் |
| தனியார் மருத்துவமனை மருத்துவர் | உண்மையில் வேலை செய்திருந்தால் அதிகம் | ஆளைப் பொறுத்தது | சமீபத்திய வேலைக்குச் சாட்சி | குறைவு |

## ஹெச்.ஓ.டி.

ஒரு பேட்ச் என்றால் நூறு, நூற்றைம்பது பேர். ஹெச்.ஓ.டி. உங்களைப் பார்த்தது கிராண்ட் ரவுண்ட்ஸில் மூன்றாவது வரிசையில். பிறகு லீவ் லெட்டரில் கையெழுத்துக் கேட்டபோது. அவர் நல்ல மனிதராக இருக்கலாம், பெரிய டாக்டராகவும் இருக்கலாம். ஆனால் உங்களைப் பற்றி எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதவர் எழுதினால் என்ன வரும்? "ஒழுக்கமானவர், பணிவானவர், கடின உழைப்பாளி." பள்ளிக்கூடத்தில் டி.சி.யோடு தரும் நன்னடத்தைச் சான்றிதழ் அது. பணிவு நமக்குப் பெரிய குணம்தான். ஆனால் அங்கே படிப்பவருக்கு அந்தச் சொல்லிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக விட்டால் இந்த ஆள் என்ன செய்வார் என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. ஹெச்.ஓ.டி. கடிதம் பல நேரங்களில் துறை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வரும். போன வருட ஃபைலைத் திறந்து பெயரை மாற்றுவார்கள். ஒரு மாணவிக்கு வந்த கடிதத்தில் முதல் பத்தியில் அவள் பெண்ணாகவும் இரண்டாம் பத்தியில் ஆணாகவும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அது ஏறும் முன் கையெழுத்துப் போட்டவரே மறுபடி படித்துக் கண்டுபிடித்துவிட்டார். அதோடு மாறுதல், ஓய்வு என்று ஜூனில் வாக்குக் கொடுத்தவர் ஆகஸ்டில் வேறு ஊரில் இருக்கலாம்.

இரண்டு சூழலில் ஹெச்.ஓ.டி.தான் சரி. நீங்கள் விண்ணப்பிக்கும் புரோகிராம் துறைத் தலைவர் கடிதம் என்றே தனியாகக் கேட்டிருந்தால் வேறு வழி இல்லை. அப்புறம், உங்கள் யூனிட் சீஃபே ஹெச்.ஓ.டி.யாக இருந்து, வாரம் தவறாமல் அவர் ரவுண்ட்ஸில் கேஸ் சொல்லியிருந்தால் கேட்கவே வேண்டாம், அவரிடமே போங்கள்.

## யூனிட் உதவிப் பேராசிரியர்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது இவரைத்தான். அட்மிஷன் டே அன்று உங்களோடு விடிய விடிய இருந்தவர் இவர்தான். கேஸ் ஷீட்டில் உங்கள் கையெழுத்தைப் படித்துத் திட்டியவர். பி.பி. விழுகிறது என்று நீங்கள் போன் செய்தபோது எடுத்தவர்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். வரப்பில் கால் வைத்த இடத்தில் ஏதோ கடித்தது என்று ஒருவரை 108-ல் கொண்டுவந்தார்கள். பாம்பை யாரும் பார்க்கவில்லை. காலில் வீக்கம் பெரிதாக இல்லை, ரத்தக்கசிவு எங்கும் இல்லை, கண் இமை தொங்கவில்லை. டியூட்டி ஹவுஸ் சர்ஜன் இரண்டு மில்லி ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைத்தாள். நேரம் முடிந்து சாய்த்தால், ரத்தம் உறையாமல் ஓடுகிறது. கணக்குப்படி விஷம் ஏறியிருக்கிறது, ஏ.எஸ்.வி. என்ற விஷமுறிவு ஊசி போட வேண்டும். அவள் குழாயை விளக்கடியில் தூக்கிப் பார்த்தாள். பிறகு ஸ்டாஃப் நர்ஸிடம், "சிஸ்டர், இந்த டியூபை எதுல கழுவுனது?" என்று கேட்டாள். சோப்புத் தண்ணீர். சோப்பு ஒட்டியிருந்த குழாயில் ரத்தம் சரியாக உறையாது என்று அவளுக்கு நினைவு இருந்தது. என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, சுத்தமான, காய்ந்த புதுக் குழாயில் மறுபடி வைத்தாள். 20 நிமிடத்தில் கட்டியாக உறைந்தது. அப்படியும் அவரை விட்டுவிடவில்லை. விடியும்வரை திரும்பத் திரும்ப டெஸ்ட் வைத்தாள். நடுவில் அவர் மனைவி, "பாம்பு கடிச்சவருக்கு ஊசி போடாம உக்காந்திருக்கீங்களே" என்று அழுதபோது, தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஊசிக்கே சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போகும், தேவையென்றால் அடுத்த நிமிடம் போடுவோம், மருந்து கையிலேயே இருக்கிறது என்று எடுத்துச் சொன்னாள். அவர் இரண்டாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

இந்த ஒரு ராத்திரியில் ஒரு நல்ல கடிதத்துக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. டெஸ்ட் முடிவைக் கண்மூடி நம்பாத புத்தி, தானாக முடிவெடுக்காமல் மேலே சொன்ன பொறுப்பு, நர்ஸிடம் கேட்ட விதம், பயந்த குடும்பத்தோடு பேசிய பொறுமை. இதை ஹெச்.ஓ.டி. எழுத முடியாது, அவர் அங்கே இல்லை. நான் எழுதினேன். நோயாளியின் பெயர், ஊர் எதுவும் இல்லாமல், நடந்தது மட்டும்.

நம் வார்டுகள் இந்த விஷயத்தில் வறுமையானவை இல்லை. பாம்புக்கடி, பூச்சிமருந்து, அரளிக்கொட்டை, எலிக்காய்ச்சல் என்று ஓர் அமெரிக்க ரெசிடென்ட் அரிதாகப் பார்ப்பதை நம் ஹவுஸ் சர்ஜன் வாரம் தவறாமல் பார்க்கிறார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் எழுதினால்தான் அது காகிதத்துக்கு வரும்.

குறைகளும் உண்டு. பதவி சிறியது. அவர் இதற்குமுன் இப்படி ஒரு கடிதம் எழுதியே இருக்க மாட்டார்; "என் இங்கிலீஷ் அவ்வளவு வராதுப்பா" என்று கூச்சப்படுவார். எதை எழுத வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருந்தால்தான் அவருக்குச் சொல்ல முடியும். எவ்வளவு காலமாக, எந்த முறையில் உங்களைத் தெரியும்; கண்ணால் பார்த்த ஒன்றிரண்டு நிகழ்ச்சிகள்; இதுவரை தன்னிடம் வேலை செய்த ஹவுஸ் சர்ஜன்களில் உங்களை எந்த இடத்தில் வைப்பார்; தப்புச் செய்தபோது அதை எப்படிச் சரிசெய்தீர்கள். இந்த நான்கும் ஒரு பக்கத்தில் வந்தால் போதும். கல்லூரி லெட்டர்ஹெட், தேதி, கையெழுத்து. எளிய ஆங்கிலம் குறையே இல்லை. அவர் சுருக்கமாக எழுதிய நான்கு வரி, கூகுளில் எடுத்த நாற்பது வரியை விட எவ்வளவோ மேல்.

இந்தியக் கடிதங்கள் இரண்டு என்றால், குறைந்தது ஒன்றாவது இவரிடமிருந்து இருக்கட்டும். இரண்டும் இவரைப் போன்ற இருவரிடமிருந்து வந்தாலும் எனக்கு மறுப்பில்லை.

## அமெரிக்க மருத்துவர்

அமெரிக்க மருத்துவமனையில் பார்த்தவர் தரும் கடிதத்தைப் பல புரோகிராம்கள் எதிர்பார்க்கின்றன. காரணம் நியாயமானது. அந்த ஊர் வேலைமுறையில் நீங்கள் பொருந்துவீர்களா என்று இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது. அவர் எழுதுவதைப் படிப்பவர் எளிதாக எடைபோடுவார். இருவரும் ஒரே முறையில் பயின்றவர்கள்.

எப்படிப் போகிறீர்கள் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. படிப்பு முடிவதற்குள் எலெக்டிவ் என்ற மாணவர் பயிற்சிக்குப் போனால் நோயாளியைத் தொட்டுப் பார்க்கலாம், ஹிஸ்டரி எடுக்கலாம், டீமில் ஒருவராக நிற்கலாம். பட்டம் வாங்கிய பிறகு பெரும்பாலும் கிடைப்பது அப்சர்வர்ஷிப். அதில் கை வைக்க முடியாது, பார்க்க மட்டும்தான். நான்கு வாரம் சுவரோரம் நின்றவரைப் பற்றி எவ்வளவு எழுத முடியும்? எனவே இறுதியாண்டில் இருப்பவர்கள் எலெக்டிவை முதலில் யோசியுங்கள். கல்லூரி அனுமதி வாங்க நேரம் பிடிக்கும், முன்கூட்டியே டீன் அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

மறைமுகச் செலவுதான் வீடுகளைச் சாய்க்கிறது. விசா நேர்முகத்துக்குச் சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம், விமானம், தங்குமிடம், மருத்துவமனைக் கட்டணம், நடுவில் உள்ள ஏஜென்சிக்குத் தனிக் கட்டணம். இதற்காக நிலத்தை அடகு வைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கட்டினால் கடிதம் நிச்சயம் என்று விற்கிற இடங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மாதாமாதம் வருகிற எல்லாருக்கும் ஒரே அச்சில் கடிதம் போகிறது என்றால், தேர்வுக்குழுவுக்கு அந்த அச்சும் பழகியிருக்கும். யூனிவர்சிட்டி மருத்துவமனையோ சமூக மருத்துவமனையோ, ரெசிடென்ட்கள் வேலை செய்கிற இடமாகப் பாருங்கள்.

போனால், கடைசி நாள் பைபை சொல்லும்போது கேட்காதீர்கள். இரண்டாம் வாரத்தில் ஐந்து நிமிடம் கேட்டு, "நான் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?" என்று விசாரியுங்கள். திருத்துங்கள். மூன்றாம் வாரத்தில் கடிதம் கேளுங்கள். திருத்திக்கொண்டதே அவருக்கு எழுத ஒரு விஷயமாகிவிடும்.

## தனியார் மருத்துவமனை, சொந்தக்கார டாக்டர்

கும்பகோணத்தில் மாமா நர்சிங் ஹோம் வைத்திருக்கிறார், அவர் தருவார் என்பார்கள். வேண்டாம். ஆனால் ஹவுஸ் சர்ஜன்சி முடித்து இரண்டு வருடம் ஆகி, அதில் ஒன்றரை வருடம் தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக வேலை செய்திருந்தால் கதை வேறு. அப்போது அங்குள்ள கன்சல்டன்ட் கடிதம் உங்களுக்கு அவசியமே. பட்டத்துக்குப் பின் சும்மா இருக்கவில்லை, நோயாளிகளோடுதான் இருந்தார் என்று சொல்ல வேறு ஆள் இல்லை.

## "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்"

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வாக்கியம் வந்தே தீரும். சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஓ.பி.யில் இருநூறு பேர் நிற்கிறார்கள், மாணவனுக்கு உதவ வேண்டும், இதுதான் குறுக்குவழி. அப்போது உங்கள் முன் மூன்று வழி இருக்கிறது.

நானே எழுதுவது என்ற வழியில் நான் போனேன். ஹாஸ்டலில் ஒரே ராத்திரியில் மூன்று கடிதம் எழுதினேன். மறுநாள் மூன்று கையெழுத்தும் வாங்கிவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். பின்னால் ஓர் அப்சர்வர்ஷிப்பில் என்னைப் பார்த்துக்கொண்ட மருத்துவர், விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று எல்லாவற்றையும் கேட்டார். என்னிடம் இருந்த பிரதிகளையும் கொடுத்தேன். மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனார். மூன்றிலும் ஒரே மூன்று பெயரடை, ஒரே வரிசையில். மூன்றிலும் கடைசிப் பத்தி ஒரே மாதிரித் தொடங்கியது. "இதை எழுதினது ஒரே ஆள்" என்று மட்டும் சொன்னார். யார் என்று கேட்கவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வருடம் எனக்கு ஓர் இன்டர்வியூவும் வரவில்லை. கடிதம்தான் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்தது, தேர்வுக்குழுவில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதோடு, கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று எராஸ் கேட்கும். எல்லாரும் விட்டுக்கொடுக்கிறார்கள், நீங்களும் விட்டுக்கொடுங்கள், விடாவிட்டால் படிப்பவருக்குச் சந்தேகம் வரும். ஆனால் 'பார்க்க மாட்டேன்' என்று டிக் செய்துவிட்டு அதை நீங்களே எழுதியிருந்தால் அது பொய். இன்னும் மோசம், "என் ஐ.டி.ல நீயே ஏத்திக்கோ" என்று பாஸ்வேர்டைக் கையில் கொடுப்பது. அன்போடுதான் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். விண்ணப்பித்தவரே தன் கடிதத்தை ஏற்றியது வெளிப்பட்டால் விசாரணை வரும், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குச் சான்று தரும் இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பின் கோப்பில் அது ஏறிவிட்டால் பிறகு அழிவதில்லை.

முடியாது என்று மறுப்பது இரண்டாவது வழி. நம் ஊரில், சீஃப் முகத்துக்கு நேரே, ஒரு ஹவுஸ் சர்ஜன் அப்படிச் சொல்ல முடியாது. சொல்லுங்கள் என்று நானும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழி, குறிப்பு கொடுப்பது. "சார், நான் எழுதினா என் குரல் வந்துரும். உங்களோட இருந்தப்போ நடந்த கேஸ் நாலஞ்சை மட்டும் குறிச்சுத் தர்றேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கறதை நீங்க ரெண்டு வரி எழுதுங்க." ஒரு பக்கம்தான். எந்த வார்டு, எந்த மாதம், என்ன நடந்தது, அவர் அப்போது உங்களிடம் என்ன சொன்னார். பெருமையடிக்கும் சொல் ஒன்றும் வேண்டாம். கூடவே சி.வி., எந்தத் துறை என்ற ஒரு வரி, வேண்டுகோள் படிவம், கடைசித் தேதி. டைப் செய்ய நேரம் இல்லை என்றால், அவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பட்டும். துறையில் இன்னொருவர் டைப் செய்து தருவார். நீங்கள் செய்யாதீர்கள். என்னிடம் இப்படிக் குறிப்போடு வந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்திருக்கிறேன். குறிப்பில்லாமல் வந்தவர்களுக்கு மூன்று வாரம் இழுத்திருக்கிறேன், அதற்காக வருத்தமும் பட்டிருக்கிறேன்.

## நேரிலா, ஈமெயிலிலா, வாட்ஸ்அப்பிலா

நேரில்தான். ஆனால் ஓ.பி. நேரத்தில் வேண்டாம், ரவுண்ட்ஸ் நடுவிலும் வேண்டாம். ஓ.பி. முடிந்து டீ வருகிற நேரம் நல்லது. தனியாகப் போங்கள், அப்பா அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள், பழத்தட்டும் வேண்டாம். நேரில் பேசிய அன்றே விவரங்களை ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் ஞாபகப்படுத்த மட்டும். ஊரை விட்டுப் போய்விட்டவர்கள் முதலில் போனில் பேசுங்கள். திடீரென்று வந்து விழும் ஈமெயிலைப் பெரியவர்கள் பலர் திறப்பதே இல்லை.

கேட்கும் வாக்கியம் முக்கியம். "எல்.ஓ.ஆர். தருவீங்களா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "மேடம், என்னைப் பத்தி உறுதியா எழுத உங்களுக்கு விஷயம் இருக்கா? இல்லன்னாலும் தப்பில்ல, நான் வேற யார்கிட்டயாவது கேட்டுக்கறேன்" என்று கேளுங்கள். விலகிக்கொள்ள அவருக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

பிறகு பதிலைக் கவனியுங்கள். "எப்ப வேணும்? எந்த புரோகிராம்?" என்று திருப்பிக் கேட்டால் அவர் எழுதுவார். "பார்க்கலாம்மா" என்றால் நம் ஊரில் அது இல்லை என்பதுதான். மரியாதைக்குச் சொல்லப்படும் இல்லை. அங்கேயே நின்று வற்புறுத்தாமல் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். வற்புறுத்தி வாங்கிய கடிதம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், நீங்கள் அதைப் பார்க்கவும் முடியாது.

காலக்கணக்கு நம் குறுவையோடு ஒத்துப்போகிறது. விண்ணப்பங்களை செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அனுப்பத் தொடங்குவார்கள், மாதக் கடைசியில் புரோகிராம்கள் திறந்து பார்க்கத் தொடங்கும். அணை திறக்கும்போது கேட்டால் குறுவை அறுப்புக்குள் கடிதம் ஏறியிருக்கும். எழுதுபவரிடம் ஆகஸ்ட் 15 என்று தேதி சொல்லுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு முறை ஞாபகப்படுத்தலாம், அந்தத் தேதியில் இன்னொரு முறை. ஆகஸ்ட் கடைசியிலும் வரவில்லை என்றால் நேரில் போய், "சார், வேலை அதிகமா இருந்தா விட்டுருங்க, நாலாவது லெட்டர் ஒன்னு கையில இருக்கு" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல வேண்டுமானால் ஜூனிலேயே மூன்று பேரிடம் கேட்டால் போதாது, நான்கு பேரிடம் கேட்டிருக்க வேண்டும்.

யாருக்கு எங்கே இடம் என்று சொல்லும் மேட்ச் முடிவு மார்ச் மூன்றாம் வாரத்தில் வரும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுதியவருக்கு ஒரு போன் போடுங்கள். பாம்புக்கடி ராத்திரியில் குழாயை மாற்றி வைத்த அந்தப் பெண் எனக்குப் போன் செய்தபோது நான் ஓ.பி.யில் இருந்தேன். எடுக்க முடியவில்லை. மறுபடி, மறுபடி அடித்தாள். மூன்றாம் தடவை எடுத்துவிட்டேன்.